இழந்த இல்லத்தின் கதையாசிரியர் கஸ்ஸான் கனஃபானி

மறைந்த பெருமக்கள் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர்வது நம் வழக்கம். இறைநேசர்கள், மார்க்க அறிஞர்கள், கல்விக்குப் பொருளீந்த வள்ளல்கள் ஆகியோரின் வரலாறுகளே இப்பக்கங்களில் பெரிதும் இடம்பெறும். இம்முறை ஒரு நாவலாசிரியரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம். அவர் நம் ஊரினர் அல்லர். நம் நாட்டினரும் அல்லர். பாலஸ்தீனத்தில் பிறந்து, நாடிழந்து, 36ஆம் வயதில் கொலையுண்டு மறைந்த கஸ்ஸான் கனஃபானி அவர்களே அவர்.

ராணிப்பேட்டையில் வாழும் நமக்கு இவர் எதற்கு என்னும் வினா எழலாம். நம் ஊரின் பெயரையே முதலில் எண்ணிப் பார்ப்போம். செஞ்சியை ஆண்ட இளம் மன்னன் தேசிங்கு 1714ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். வென்ற நவாப், தோற்ற பகைவனின் மனைவி நினைவாகப் பாலாற்றங்கரையில் எழுப்பிய பேட்டையே ராணிப்பேட்டை என்று ஊர் வரலாறு கூறுகிறது. உடன்கட்டை ஏறுதலை நம் மார்க்கம் ஒருபோதும் ஏற்பதில்லை. ஆயினும், எதிரியின் வீட்டுத் துயரத்தையும் துயரம் என மதித்த ஒரு செயலின் நினைவை நம் ஊர் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. போரின் நடுவே அன்பையும் இழப்பையும் எழுதிய ஒருவரின் வரலாற்றை வாசிக்க இவ்வூரைவிடப் பொருத்தமான இடம் எது?

பிறப்பும் பிரிவும்

கஸ்ஸான் கனஃபானி 1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மத்தியதரைக் கடலோரத்துப் பழம்பெரும் துறைமுக நகரான அக்காவில் பிறந்தார். அப்போது பாலஸ்தீனம் பிரிட்டிஷாரின் ஆளுகையில் இருந்தது. அன்னாரின் தந்தையார் வழக்கறிஞர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த தேசிய இயக்கத்தில் ஈடுபட்டவர். குடும்பம் யாஃபா நகரில் வசித்தது. அங்கே பிரெஞ்சுக் கிறித்தவப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளியில் சிறுவர் கஸ்ஸான் கல்வி பயின்றார். வசதியான இல்லம், கடற்கரை, ஆரஞ்சுத் தோட்டங்கள் என அமைதியாகத் தொடங்கிய வாழ்க்கை அது.

1948ஆம் ஆண்டு அந்த வாழ்க்கை முடிவுற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜெருசலேம் அருகே தேர் யாசீன் என்னும் சிற்றூரில் யூத ஆயுதக் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றனர். கஸ்ஸானுக்கு அப்போதுதான் 12 வயது நிறைந்திருந்தது. அதன்பின் அவர் தம் பிறந்தநாளைக் கொண்டாடியதே இல்லை என்று அவர் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். மே மாதத்தில் அக்காவும் வீழ்ந்தது. அந்த ஆண்டில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர் தம் வீடுகளையும் நிலங்களையும் விட்டு வெளியேற நேர்ந்தது. சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் பலர் வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துச் சென்றனர். அந்தச் சாவிகள் பேரப்பிள்ளைகளின் கைகளுக்கு வந்துவிட்டன. பூட்டுகளோ அவர்களுக்கு உரியவையாக இல்லை.

கனஃபானி குடும்பம் முதலில் லெபனானுக்கும், பின்னர் சிரியாவுக்கும் சென்று இறுதியில் திமிஷ்கு நகரில் தங்கியது. வழக்கறிஞராக மதிப்புடன் வாழ்ந்த தந்தையார் திடீரென வருவாயற்றவரானார். பிள்ளைகள் காகிதப் பைகள் ஒட்டிக் குடும்பத்துக்கு உதவினர். பிற்காலத்தில் ஆரஞ்சுப் பழங்களின் துயரத்தைத் தலைப்பாகக் கொண்டு அவர் எழுதிய சிறுகதையில், லாரியில் ஏறி எல்லையைக் கடக்கும் ஒரு குடும்பத்தையும், வழியில் வாங்கிய ஆரஞ்சைக் கையில் ஏந்திக் குழந்தையைப்போல் அழும் பெரியவர்களையும், தந்தையின் தோள் ஒரே இரவில் தளர்ந்துபோவதைக் காணும் சிறுவனையும் படைத்தார். அது அவர் கண்ணால் கண்டதே.

ஓவிய ஆசிரியர்

பதினாறு, பதினேழு வயதிலேயே கஸ்ஸான் ஆசிரியரானார். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் நிவாரண முகமை திமிஷ்கில் நடத்திய பள்ளியில் முகாம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். அங்கு நிகழ்ந்த ஒன்றைப் பிற்காலத்தில் அவர் துணைவியார் எழுதியுள்ளார். பாடத்திட்டப்படி கரும்பலகையில் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் வரையத் தொடங்கினாராம் கஸ்ஸான். எதிரே அமர்ந்திருந்த குழந்தைகளின் முகத்தைப் பார்த்ததும் இப்பழங்களுக்கும் அவர்கள் வாழ்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது உறைத்தது. பலகையை அழித்துவிட்டு, தாங்கள் வாழும் முகாமை வரையுமாறு பிள்ளைகளிடம் கூறினார். பாடத்திட்டத்தை மீறியமைக்காக மேலதிகாரிகளிடம் விளக்கம் கூற நேர்ந்தது. கஸ்ஸான் கனஃபானியின் எழுத்து முழுமைக்கும் இந்நிகழ்ச்சியே முன்னுரை எனலாம். வாசகர் அறியாத பழத்தை அவர் என்றுமே வரையவில்லை.

திமிஷ்குப் பல்கலைக்கழகத்தில் அரபு இலக்கியம் பயிலச் சேர்ந்த அவர், அரசியல் ஈடுபாடு காரணமாக 1955இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். மருத்துவர் ஜார்ஜ் ஹபாஷ் முதலியோர் நடத்திய அரபு தேசிய இயக்கத்தில் அவர் இணைந்திருந்தார். அவ்வாண்டே பிழைப்பு நாடிக் குவைத் சென்றார். சகோதரியும் மூத்த சகோதரரும் ஏற்கெனவே அங்கிருந்தனர். ஓவியமும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் ஆசிரியர் பணி கிடைத்தது. மாதந்தோறும் ஊதியத்தின் ஒரு பகுதி திமிஷ்கில் இருந்த குடும்பத்துக்குச் சென்றது. இளம் வயதிலேயே கடுமையான நீரிழிவு நோய் அவரைப் பற்றியதும் குவைத்தில்தான். தமக்குத் தாமே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு இரவெல்லாம் எழுதினார். நீண்ட ஆயுள் தமக்கில்லை என்ற எண்ணம் அவரை விரைவாக எழுதத் தூண்டியது போலும்.

பெய்ரூத்தும் இல்லறமும்

1960இல் கஸ்ஸான் லெபனானின் தலைநகர் பெய்ரூத்துக்குக் குடிபெயர்ந்து பத்திரிகைப் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு டென்மார்க் நாட்டிலிருந்து அன்னி என்னும் ஆசிரியை, பாலஸ்தீன அகதிகளின் நிலையை நேரில் அறிய அங்கு வந்தார். முகாம்களைச் சென்று பார்க்க வேண்டும் என்று அன்னி கேட்டபோது, எம் மக்கள் வேடிக்கை பார்க்கும் பொருளா என்னும் பொருள்பட கஸ்ஸான் சினந்தாராம். பின்னர் சினம் தணிந்து, தம் மக்களின் வரலாற்றைப் பொறுமையாக எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஃபயேஸ் என்னும் மகனும் லைலா என்னும் மகளும் பிறந்தனர்.

1962ஆம் ஆண்டு முறையான அடையாள ஆவணம் இன்மையால் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வராமல் மறைந்து வாழ நேர்ந்தது. கையில் ஒரு தாள் இல்லாவிட்டால் தெருவில் நடக்கவும் உரிமையில்லாத நிலை அது. அந்நாட்களில் வீட்டுக்குள் அமர்ந்து அவர் எழுதிய குறுநாவலே 1963இல் வெளியான ‘வெயிலில் மனிதர்கள்’. ஆவணமற்ற மனிதர்களின் கதையை ஆவணமற்ற ஒருவரே எழுதினார்.

தொட்டிக்குள் மூவர்

அக்கதையை நம் ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். குவைத்துக்குச் சென்று பொருளீட்ட விரும்பும் மூன்று பாலஸ்தீனியர் ஈராக்கின் பஸ்ரா நகரில் சந்திக்கின்றனர். ஒலிவ மரங்களை இழந்து பத்தாண்டுகள் வீணே காத்திருந்த அபூ கைஸ் என்னும் முதியவர் ஒருவர். காவல்துறைக்கு அஞ்சி ஓடும் அஸ்அத் என்னும் இளைஞர் மற்றொருவர். மூன்றாமவன் மர்வான், பதினாறு வயதுச் சிறுவன். குவைத்தில் வேலை பார்த்த அண்ணன் தன் திருமணத்துக்குப் பின் வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். தந்தையோ சொந்த வீடுள்ள வேறொரு பெண்ணை மணந்து பிரிந்துவிட்டார். தாயையும் தம்பி தங்கையரையும் காக்கும் பொறுப்பு பள்ளியை விட்ட மர்வானின் தலைமீது விழுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நின்றுபோன வீடு எப்படி இருக்கும் என்பதை நம் தெருக்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவன் அவர்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்த முன்வருகிறான். அவனும் 1948ஆம் ஆண்டுப் போரில் உடலாலும் உள்ளத்தாலும் ஊனமுற்ற பாலஸ்தீனியனே. சோதனைச் சாவடிகளில் மட்டும் சில நிமிடங்கள் காலியான இரும்புத் தொட்டிக்குள் மூவரும் பதுங்கியிருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதப் பாலைவன வெயில். முதற்சாவடியை எப்படியோ கடந்துவிடுகின்றனர். இரண்டாம் சாவடியில் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருந்த அலுவலர் ஒருவர் ஓட்டுநரிடம் வீண் கேலிப் பேச்சுப் பேசி நேரத்தைக் கழிக்கிறார். ஓட்டுநர் பதைபதைத்து ஓடிவந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் இறந்து கிடக்கின்றனர். இரவில் உடல்களைக் குப்பைமேட்டருகே இறக்கிவிட்டு, அவர்களிடமிருந்த பணத்தையும் மர்வானின் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளும் அந்த ஓட்டுநர், ஏன் தொட்டியின் சுவரைத் தட்டவில்லை என்று பாலைவனத்தில் நின்று அலறுகிறான்.

இக்கேள்விக்கு அரபுலகம் பலவாறு பொருள் கூறியது. பாலஸ்தீனியர் மௌனமாக மாண்டுபோகக் கூடாது என்பது ஒரு பொருள். 1972இல் சிரியாவில் இக்கதையைத் திரைப்படமாக்கிய எகிப்திய இயக்குநர் தவ்ஃபீக் ஸாலிஹ் வேறொரு பொருளைக் காட்டினார். படத்தில் அம்மூவரும் தொட்டியைத் தட்டுகின்றனர். குளிரூட்டிகளின் இரைச்சலில் எவர் செவியிலும் அது விழவில்லை.

நமக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில் நம் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைக் கழிவுச்சேறு மூடிக் கொன்றது. அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி நம் ஊருக்கு வந்தவர்கள். நம் பிள்ளைகள் பாலைவன நாடுகளுக்குச் செல்வதுபோல் எவரோ பெற்ற பிள்ளைகள் நம் ஊருக்கு வருகின்றனர். அவர்கள் தட்டினார்களா, தட்டியது நமக்குக் கேட்டதா என்ற வினா கனஃபானியின் கதையை வாசித்த பின் நம்மை விடுவதில்லை.

ஹைஃபாவுக்குத் திரும்புதல்

1967ஆம் ஆண்டு ஜூன் போரில் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலின் வசமாயின. எல்லை திறக்கப்பட்டமையால், பழைய வீடுகளைச் சென்று பார்க்கும் வாய்ப்பு மேற்குக் கரை அகதிகளுக்குக் கிட்டியது. பார்க்கலாம், திரும்பக் குடியேற இயலாது. இந்தச் சூழலில் பிறந்ததே 1969இல் வெளியான ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ என்னும் குறுநாவல். அன்பும் இழப்பும் பற்றிப் பாலஸ்தீன மண்ணில் எழுந்த கதைகளுள் தலைசிறந்தது இதுவே என்பது நம் துணிபு.

ஸஈத், ஸஃபிய்யா என்னும் தம்பதியர் ரமல்லாவிலிருந்து தம் காரில் ஹைஃபாவுக்குச் செல்கின்றனர். 1948 ஏப்ரலில் நகரம் குண்டு மழையில் சிதறியபோது வெளியே சென்றிருந்த கணவரும், அவரைத் தேடித் தெருவுக்கு ஓடிய மனைவியும் மக்கள் வெள்ளத்தில் துறைமுகத்தை நோக்கித் தள்ளப்பட்டனர். ஐந்து மாதக் குழந்தை கல்தூன் வீட்டில் தனித்து விடப்பட்டான். இருபது ஆண்டுகளாக இருவரும் அவன் பெயரை ஒருவர்முன் ஒருவர் உச்சரிப்பதையே தவிர்த்து வந்தனர்.

பழைய வீட்டின் கதவைத் திறப்பவர் மிர்யாம் என்னும் யூத மூதாட்டி. போலந்திலிருந்து வந்தவர். அவருடைய தந்தை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மடிந்தவர். இளம் தம்பி நாஜிப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டவன். பிள்ளைப்பேறற்ற அவரும் கணவரும் வீட்டோடு குழந்தையையும் பெற்று, தோவ் என்று பெயரிட்டு வளர்த்தனர். வரவேற்பறையில் ஸஃபிய்யா வைத்துச் சென்ற பூச்சாடி அப்படியே இருக்கிறது. அதில் இருந்த ஏழு மயிலிறகுகளுள் ஐந்து மட்டும் எஞ்சியுள்ளன. இழந்த நாட்டை விவரிக்க ஆயிரம் பக்கங்களை எழுதலாம். கனஃபானிக்கு இரண்டு மயிலிறகுகளே போதுமாக இருந்தன.

மாலையில் மகன் வருகிறான், இஸ்ரேலிய இராணுவச் சீருடையில். வளர்த்தவளே தன் தாய் என்கிறான். பெற்றவர்களை நோக்கி, குழந்தையை ஏன் விட்டுச் சென்றீர்கள், இருபது ஆண்டுகளாக அழுததைத் தவிர என்ன செய்தீர்கள் என்ற கருத்தில் வினவுகிறான். ஸஈத் வாயடைத்து நிற்கிறார். பெற்றதால் மட்டும் பிள்ளை ஆவதில்லை, நினைவைச் சுமப்பதால் மட்டும் நாடு நமதாவதில்லை என்பதை அவர் உணர்கிறார். போராளிகளுடன் சேரக் கூடாது என்று இளைய மகன் காலிதைத் தாம் தடுத்து வைத்திருந்ததை எண்ணி, தாம் திரும்புவதற்குள் அவன் வீட்டைவிட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று விரும்பியவராக ரமல்லாவுக்குத் திரும்புகிறார்.

இக்கதையில் நாம் வியப்பது மிர்யாமின் பாத்திரப் படைப்பை. தம் வீட்டைப் பறித்தவர்களுள் ஒருவரைக் கொடியவராகத் தீட்டியிருந்தால் எவரும் கனஃபானியைக் குறை கூறியிருக்கமாட்டார். மாறாக, ஹைஃபா வீழ்ந்த நாட்களில் இறந்த அரபுக் குழந்தையின் உடல் லாரியில் வீசப்படுவதைக் கண்ட மிர்யாம், தன் தம்பியை நினைந்து துடித்து, இந்நாட்டைவிட்டே போய்விட விரும்பினாள் என்று எழுதினார். அவளுடைய துயரம் உண்மையானது. ஆனால் ஒரு துயரத்தைக் காட்டி மற்றொருவரின் வீட்டை எடுத்துக்கொள்ள உரிமை பிறக்காது என்பதையும் ஸஈதின் வாயிலாக நிலைநாட்டுகிறார். பகைவராயினும் நீதி தவறலாகாது என்று நமக்கு இடப்பட்டுள்ள கட்டளையை ஒரு கதைக்குள் நிறைவேற்றிக் காட்டியவர் என்றே இவரைக் கருதுகிறோம்.

இதன் எதிரொலி எல்லை கடந்து ஒலித்தது. ஈராக்கில் பிறந்த இஸ்ரேலிய யூத எழுத்தாளர் ஸாமி மிகாயேல் 2005இல் இக்கதைக்கு மறுமொழியாக ஒரு நாவலை எழுதினார். டெல் அவீவ் நகரின் கமேரி நாடக அரங்கம் 2008இல் இதை நாடகமாக்கி நடத்தியது. அமெரிக்காவில் வாழும் பாலஸ்தீனப் பெண் எழுத்தாளர் சூசன் அபுல்ஹவாவின் ‘ஜெனினில் காலைகள்’ என்னும் நாவலிலும், பறிபோன குழந்தை எதிர்ப்படையில் வளரும் கதைக்கரு இதிலிருந்தே முளைத்தது.

ஓய்வறியாத பேனா

பன்னிரண்டு ஆண்டு பெய்ரூத் வாழ்க்கையில் அவர் செய்த பணிகள் மலைக்கத்தக்கவை. ‘உங்களுக்கு எஞ்சியது’ என்னும் நாவலில் காஸாவிலிருந்து தாயைத் தேடிப் பாலைவனத்தில் நடக்கும் ஹாமிதையும், வஞ்சகனுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரி மர்யமையும் படைத்ததோடு, கடிகாரத்தையும் பாலைவனத்தையும்கூடப் பேசும் பாத்திரங்களாக்கினார். 1966இல் வெளிவந்த அந்நூல் லெபனானில் இலக்கியப் பரிசு பெற்றது. ‘உம்மு ஸஅத்’ என்னும் நூலில் முகாமில் வாழும் உழைக்கும் பெண்ணொருத்தி காய்ந்த திராட்சைக் கொடியை மண்ணில் நடுகிறாள். கதை முடியும்போது அது துளிர்க்கிறது. இஸ்ரேலுக்குள் வாழ்ந்த அரபுக் கவிஞர்கள் மஹ்மூத் தர்வேஷ், ஸமீஹ் அல்-காஸிம் முதலியோரை ஏனைய அரபுலகம் அறியாதிருந்த காலத்தில், அவர்களைப் பற்றிய ஆய்வு நூலை 1966இல் வெளியிட்டவரும் இவரே. அக்கவிஞர்கள் பின்னர் உலகப் புகழ் பெற்றனர். ஈழத்து அறிஞர் எம்.ஏ. நுஃமான் அவர்களின் மொழிபெயர்ப்பால் பாலஸ்தீனக் கவிதைகள் தமிழுக்கும் வந்து சேர்ந்தன.

அவருடைய அரசியலையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. ஜார்ஜ் ஹபாஷ் தலைமையிலான பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் பேச்சாளராகவும், 1969இல் தொடங்கப்பட்ட அதன் வார ஏடான ‘அல்-ஹதஃப்’பின் ஆசிரியராகவும் அவர் பணியாற்றினார். அது மார்க்சியக் கொள்கையுடைய அமைப்பு. அவ்வமைப்புடன் இணைந்து ஜப்பானிய செம்படையினர் மூவர் 1972 மே 30ஆம் நாள் லோத் விமான நிலையத்தில் நடத்திய தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். புனித யாத்திரை வந்த போர்ட்டோ ரிக்கோ கிறித்தவர்களே அவர்களுள் மிகுதி. குற்றமற்றோரைக் கொல்வதை மார்க்கம் எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை. அதை நாமும் ஏற்பதற்கில்லை. கனஃபானி ஆயுதம் ஏந்தியவர் அல்லர். ஆயினும் அவ்வமைப்பின் குரலாக இருந்தார் என்பதும் உண்மை. அவரை மாசற்ற மகானாகக் காட்டுவது நம் நோக்கமன்று. துயருற்ற ஒரு சமூகத்தின் உள்ளத்தை எழுத்தில் உண்மையாகப் பதித்தவர் என்பதாலேயே நினைவுகூர்கிறோம்.

லமீஸ்

கஸ்ஸானின் உள்ளத்தில் தனி இடம் பெற்றவள் சகோதரி மகள் லமீஸ். அவளுடைய பிறந்தநாளுக்காகத் தம் கைப்படவே எழுதி, படமும் வரைந்து அவர் அளித்த கதை ‘சிறிய விளக்கு’. மறைந்த அரசரின் ஆணைப்படி இளவரசி ஒருத்தி சூரியனை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையேல் அரசி ஆக இயலாது. எத்தனையோ முயன்றும் இயலவில்லை. இறுதியில் ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் ஆளுக்கொரு சிறு விளக்குடன் வருகின்றனர். அவர்கள் நுழைய வாயில் போதவில்லை. மதில்கள் இடிக்கப்படுகின்றன, சூரியன் தானே உள்ளே வருகிறது. குழந்தைக்குச் சொன்ன கதைதான். பெரியவர்களும் கற்க வேண்டியது.

1972ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், சனிக்கிழமை காலை. குவைத்திலிருந்து வந்திருந்த லமீஸ் பெய்ரூத்தில் மாமாவின் வீட்டில் இருந்தாள். அவளுக்கு வயது 17. கஸ்ஸான் வீட்டில் காப்பி அருந்தினார். மகன் ஃபயேஸின் விளையாட்டு ரயிலை ஓட்டிக் காட்டினார். பின்னர் லமீஸை நகருக்கு அழைத்துச் செல்ல இருவரும் கீழிறங்கினர். சில நிமிடங்களில் வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின. காரில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து இருவரும் உயிரிழந்தனர். லோத் தாக்குதலுக்குப் பழிவாங்க இஸ்ரேலிய உளவுத்துறை மொஸாத் செய்த கொலை என்றே பரவலாகக் கருதப்படுகிறது. எந்தக் கணக்கிலும் சேராத லமீஸும் அதில் பலியானாள். லோத்தில் மாண்ட யாத்திரிகர்களும் எந்தக் கணக்கிலும் சேராதவர்களே.

பெய்ரூத்தில் நிகழ்ந்த இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர். எழுதத் தொடங்கிய மூன்று நாவல்கள் முற்றுப்பெறாமல் நின்றன. 1975இல் ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் லோட்டஸ் பரிசு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

இனி நாம்

அன்னி அம்மையார் தாய்நாடு திரும்பிவிடவில்லை. லெபனானிலேயே தங்கி, கணவர் பெயரில் 1974இல் ஒரு பண்பாட்டு அறக்கட்டளையை நிறுவி, அகதி முகாம்களில் பாலர் பள்ளிகளைத் தொடங்கினார். கஸ்ஸான் அன்று கரும்பலகையை அழித்துவிட்டு எந்தப் பிள்ளைகளை வரையச் சொன்னாரோ, அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு வரையக் கற்றனர். கண்ணீரைக் கடமையாக மாற்றிய பெண்மணி இவர்.

2023 அக்டோபரில் தொடங்கிய காஸா போரில் ஆயிரமாயிரம் உயிர்கள் மாண்டன. அம்மாதம் 20ஆம் நாள் கான் யூனிஸில் வான்தாக்குதலில் இறந்த ஹிபா அபூ நதாவும் ஒரு நாவலாசிரியையே, வயது 32. இறந்தவர்களுக்குப் பிராணவாயு இல்லை என்னும் பொருளில் தலைப்பிட்ட அவருடைய நாவல் 2017இல் ஷார்ஜாவில் பரிசு பெற்றிருந்தது. கனஃபானி தொடங்கிய பட்டியல் இன்னும் முடியவில்லை.

நம் பள்ளிவாசலில் பாலஸ்தீன மக்களுக்காக நாம் கையேந்துகிறோம், ஏந்த வேண்டும். ஆனால் இருபது ஆண்டுகள் அழுததைத் தவிர என்ன செய்தீர்கள் என்று ஹைஃபாவில் எழுந்த அந்த வினா நம்மை நோக்கியும் எழுகிறது. அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சரியாக எடுத்துரைப்பது நம்மால் இயலும். மதரஸாவில் மாலை வேளையில் ஒரு கதையை வாசித்துக் காட்டுவது இயலும். வெளிநாடு சென்ற மகன் பணம் அனுப்பாத வீடு எது என்று மஹல்லாவில் விசாரித்து, அவ்வீட்டு மர்வான் பள்ளியை விட்டுவிடாமல் காப்பது இயலும். வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் தொழிற்சாலைகளில் உழைக்கும் மனிதர், வெள்ளிக்கிழமை நம் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும்போது, அவர் எங்கே உறங்குகிறார் என்று கேட்பதும் இயலும்.

தட்டும் ஓசை எங்கிருந்து வந்தாலும் அதைக் கேட்கும் செவியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. வீடிழந்தோருக்கு வீட்டையும், நீதி மறுக்கப்பட்டோருக்கு நீதியையும், பிள்ளைகளை இழந்த எல்லாத் தாய்மார்களுக்கும் ஆறுதலையும் வழங்குவானாக. ஆமீன்.